ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா? கஞ்சா வழக்கில் சிக்கிய தம்பிக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் சிகிச்சை வழி

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி ஒருவர் திருப்பூரிலிருந்து எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா இல்லை. அம்மா திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் தம்பியுடன் இருக்கிறார். தம்பிக்கு 21 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம், நான்கு அரியர். காலேஜில் சேர்ந்த முதல் வருடமே கஞ்சா பழகிவிட்டான். இப்போது அது இல்லாமல் தூக்கமே வருவதில்லை. இரண்டு முறை தானாகவே விட்டுப் பார்த்திருக்கிறான். மூன்றாம் நாளே சாப்பாடு இறங்காமல், எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, மறுபடி அதையே தேடிப் போய்விட்டான். மூன்று மாதத்துக்கு முன் பைக்கின் டேங்க் கவரில் ஆறு பொட்டலங்கள், மொத்தம் 180 கிராம் கஞ்சா இருந்ததாக அவனையும் ஒரு நண்பனையும் போலீஸ் பிடித்தது. ‘விற்பனைக்காக வைத்திருந்தனர்’ என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறார்கள். 12 நாள் சிறை, பிறகு ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் வாய்தா.

“ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிருங்கம்மா, ஒரே நாள்ல முடிஞ்சிரும்” என்று ஊர் வக்கீல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வேறு யோசனை சொல்கிறார். ஒரு மறுவாழ்வு மையத்தில் மாதம் 15 ஆயிரம் கட்டினால் ராத்திரியே ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம், ஆறு மாதம் வெளியே விட மாட்டார்களாம். “அமெரிக்காவில் இப்படிப்பட்ட பசங்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும் கோர்ட் இருக்கிறதென்று வீடியோவில் பார்த்தேன். நம்ம நாட்டில் அப்படி எதுவும் கிடையாதா? டிப்ளமோ முடித்து கல்ஃப் போக வேண்டும் என்பது அவன் கனவு. அவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதா, நோயாளியாகப் பார்ப்பதா என்றே எங்களுக்குத் தெரியவில்லை” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் தம்பி போன்றவர்களைச் சட்டம் இரண்டு விதமாகவும் பார்க்கிறது. போதைப்பொருள் வைத்திருந்தது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்தவர் போதைக்கு அடிமையானவர், அளவும் குறைவு என்றால், அவர் சிகிச்சைக்குப் போக ஒரு வழியை அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் வீடியோவில் பார்த்த கோர்ட், 1989-இல் மயாமியில் தொடங்கிய முறை. அதே 1989-இல்தான் நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2001-இல் அதைத் திருத்தி, சிறு அளவு வைத்திருந்த வழக்குகளுக்கும் விரித்தார்கள். ஆகவே இங்கே எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே அந்த நீதிமன்றமே நோயாளியைக் கையில் எடுத்துக்கொள்கிறது. நீதிபதி அடிக்கடி கூப்பிட்டு விசாரிப்பார், சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும், ஆலோசகர் அருகிலேயே இருப்பார். இங்கே பிரிவு மட்டும்தான் இருக்கிறது. அதை நடத்திக்கொண்டு போக நீதிமன்றத்தில் தனியாக ஆள் இல்லை. மருத்துவமனைக்குப் போவது, சீட்டுகளைச் சேர்ப்பது, மனுப் போடுவது, நினைவூட்டுவது எல்லாம் குடும்பத்தின் தலையிலும் வக்கீலின் தலையிலும்தான் விழுகிறது. இந்தப் பிரிவு அதிகம் பயன்படாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவது

உங்கள் வக்கீல் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழ்க்கோர்ட்டில் தினமும் நடப்பது அது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. 180 கிராம் என்பது சிறு அளவில் மிகவும் கீழே இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை ஒரு வருடக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் அபராதத்தோடு விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது என்பதும் உண்மைதான்.

அம்மா நினைப்பது போல ஃபைன் கட்டினால் வழக்கு ‘இல்லாமல்’ போய்விடாது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் குற்றவாளி என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டு வருவது. டிராஃபிக் ஃபைன் மாதிரி அல்ல. கல்ஃப் வேலைக்குப் போலீஸிடம் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், அப்போது இது எழுந்து நிற்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். இந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மறுபடி அதேபோன்ற குற்றத்தில் சிக்கினால் தண்டனையின் உச்சவரம்பை ஒன்றரை மடங்காக்குகிறது. பழக்கம் அப்படியே இருக்க, ஃபைன் மட்டும் கட்டிவிட்டு வீட்டுக்கு வரும் பையன் மறுபடி சிக்குவானா மாட்டானா? இரண்டு முறை விட்டுப் பார்த்து மூன்றாம் நாளே தோற்றவன் அவன். வழக்குகள் சேர்ந்துகொண்டே போனால், 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்ற தலைப்பும் இருக்கிறது. அதில் போனால் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ‘ஒரே நாளில் முடியும்’ என்பதன் விலை தெரிந்த பிறகு முடிவெடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அது சிக்கல்தான். அவசரம் வந்தால் அதே நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனுப் போடலாம். இப்போதைக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

64-ஏ என்ன சொல்கிறது

போதைக்கு அடிமையான ஒருவர்மீது, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு தொடர்பாகவோ குற்றச்சாட்டு இருந்து, அவர் தாமாக முன்வந்து அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். பிரிவு அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க வேண்டும்.

முதல் சொல், அடிமையானவர். சட்டம் இதற்குத் தனியாகவே பொருள் சொல்கிறது: போதைப்பொருளைச் சார்ந்து இருப்பவர். நண்பர்களோடு ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு இது பொருந்தாது. ‘விளையாட்டுக்குத்தான் அடித்தான், அடிமை எல்லாம் இல்லை’ என்று அம்மா கோர்ட்டில் சொல்லிவிட்டால், பாசத்தில் சொன்ன அந்த வார்த்தையே கதவை மூடிவிடும். தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், விட முயன்று தோற்றது என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஒரு மனநல மருத்துவர் சார்பு நிலையை எடைபோடக் கேட்கும் விஷயங்கள். அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. மருத்துவர் பரிசோதித்து எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது சொல், தாமாக. இதற்குத் தனியாக வருகிறேன்.

மூன்றாவது, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடம். மதுரை, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டுப் போகலாம். 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. அவற்றில் உங்களுக்கு அருகே எது என்று அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். 14446 என்ற இலவசத் தேசிய எண்ணிலும் கேட்கலாம். தனியார் இடம் என்றால் அங்கீகாரக் கடிதத்தின் நகலை முதலில் கையில் வாங்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அது இல்லாத இடத்தில் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இந்தப் பிரிவுக்கு அந்தச் சிகிச்சை கணக்கில் வராது.

‘அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பெயர் பதிந்தால் காலத்துக்கும் பைத்தியம் என்ற முத்திரை’ என்ற அம்மாவின் பயத்தையும் எழுதியிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. அதில் சொல்லப்பட்ட உரிமைகள் எல்லாம் உங்கள் தம்பிக்கும் உண்டு.

இதெல்லாம் நடைமுறையில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2001-இல் கொக்கைன் வழக்கில் கைதான ஒரு இந்தி நடிகர், மும்பை மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை எடுத்து, 2012-இல் சிறப்பு நீதிமன்றத்தில் இதே விலக்கைப் பெற்றார். அவருக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். ஆனால் பிரிவு ஒன்றுதான். அவருக்கு எழுதிய அதே வரிகள்தான் உங்கள் தம்பிக்கும் எழுதப்பட்டிருக்கின்றன.

என் அனுபவத்திலும் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்காக மனுப் போட்டிருந்தேன். பூ விற்கிற அம்மா. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு ஓ.பி. சீட்டோடும் அன்றைய பஸ் டிக்கெட்டையும் பின் அடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. மாஜிஸ்திரேட் அந்தக் கவரை வாங்கி ஒவ்வொரு சீலையும் தேதியையும் பார்த்துக்கொண்டே வந்தார். முடித்துவிட்டுப் பையனிடம் கேட்டது ஒரே கேள்வி: “இப்ப ராத்திரி தூங்குறியா தம்பி?” அரசுத் தரப்பு எதிர்த்தும் உத்தரவு கிடைத்தது. இன்னொரு வழக்கில், மனுப் போட்டு அனுமதியும் வாங்கிய பிறகு, பையன் இருபதாம் நாள் வார்டிலிருந்து சொல்லாமல் போய்விட்டான். அந்த வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. இரண்டும் நடக்கும்.

சித்தப்பா சொன்ன மையம்

இதில் நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் இடமில்லை. 21 வயதான ஒருவரை அவர் விருப்பமின்றி மனநல நிறுவனத்தில் சேர்க்க வேண்டுமானால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். சங்கிலியால் கட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் சட்டம் அனுமதிக்கவில்லை. பதிவு பெறாத இடங்களில் அடித்து, பூட்டி வைத்து, உயிரே போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கைநிறையப் பணத்தைக் கட்டிவிட்டு, தம்பிக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஆறு மாதம் கேட்டுக்கு வெளியே நிற்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கு வகையிலும் அது உங்களுக்கு உதவாது. தூக்கிக்கொண்டு போனது எப்படித் ‘தாமாக முன்வந்து’ எடுத்த சிகிச்சை ஆகும்? நாளை மாஜிஸ்திரேட் கேட்கும்போது, “நான் போகவில்லை, கொண்டுபோனார்கள்” என்று தம்பி உண்மையைச் சொன்னால் மனு அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கடிதம் முழுவதும் நீங்கள் பேசுகிறீர்கள், அம்மா பேசுகிறார், சித்தப்பா பேசுகிறார், வக்கீல் பேசுகிறார். தம்பி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 64-ஏ திறப்பது அவன் கையில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இல்லை. அவனிடம் யாராவது உட்கார்ந்து, “உன்மேல் இருக்கிற வழக்கு இது, உனக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது, நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டீர்களா? இரண்டு முறை தானாகவே விட முயன்றவன் அவன். விட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள் இருக்கிறது. அம்மா அழுதுகொண்டே கேட்டால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான். நீங்கள் அக்கா. நீங்கள் கேளுங்கள். வழக்கைச் சொல்லித் தொடங்காமல், தூக்கத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்கிப் பாருங்கள்.

இந்த வழியில் இருக்கும் சிக்கல்கள்

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘விற்பனைக்காக’ என்று எழுதியிருப்பதாலும் ஆறு பொட்டலமாக இருந்ததாலும் அரசுத் தரப்பு நிச்சயம் எதிர்க்கும். பிரிவின் வாசகம் சிறு அளவு தொடர்பான குற்றங்கள் என்று பொதுவாகவே சொல்கிறது என்பது நம் வாதம். ஆனால் விற்பவருக்கு இந்தச் சலுகை ஏன் என்று நீதிமன்றம் யோசிக்கலாம். அதனால்தான் சார்பு நிலை பற்றிய மருத்துவச் சான்று அவ்வளவு முக்கியம்.

அடுத்தது, அடிமைதான் என்று மனுவில் எழுதிவிட்டு, பிறகு ‘கஞ்சாவே என்னிடம் இல்லை’ என்று வழக்கை நடத்துவது கஷ்டம். மனு என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆனாலும் நடைமுறையில் இரண்டு குதிரையில் சவாரி செய்ய முடியாது. வழக்கை எதிர்த்து நடத்தினால் ஜெயிக்க வாய்ப்பு எப்படி? வக்கீல் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவை நம்புவதாக எழுதியிருந்தீர்கள், கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை போடவில்லை என்று. அந்தப் பாதுகாப்பு உடலைச் சோதிப்பதற்குத்தான். பை போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. டேங்க் கவர் அந்தக் கணக்கில்தான் வரும். மற்றபடி சாட்சிகள், ரசாயனப் பரிசோதனை அறிக்கை, பொருளைச் சீல் வைத்த விதம் ஆகியவற்றில் ஓட்டை இருக்கலாம். குற்றப்பத்திரிகை நகலைப் படிக்காமல் அதைச் சொல்ல முடியாது. ஸ்டேஷனில் தம்பியிடம் கையெழுத்து வாங்கிய வாக்குமூலத்தை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில், இந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் அதே கதிதான் என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லியிருக்கிறது.

மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளிவிட்டால் மேலே போகலாம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை. அதுவும் பலிக்காமல் தீர்ப்பு பாதகமாக வந்தாலும் 39-ஆம் பிரிவு மிச்சம் இருக்கிறது. குற்றவாளி என்று முடிவான பிறகும், வயது, முந்தைய நடத்தை, உடல், மன நிலை ஆகியவற்றைப் பார்த்து, உடனே சிறைத் தண்டனை விதிக்காமல், அவன் சம்மதத்தோடு பாண்டு எழுதி வாங்கிச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சையின் பலனைப் பற்றிய அறிக்கையை ஒரு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அது திருப்தியாக இருந்தால், மூன்று வருடம் வரை இப்படிப்பட்ட குற்றம் செய்ய மாட்டேன் என்ற பாண்டின் பேரில் எச்சரித்து விடுவிக்கலாம். இதில் குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கும். அதனால்தான் 64-ஏ முதலில், 39 கடைசியில் என்று வரிசை வைக்கிறேன்.

சிகிச்சை நடுவில் ஒருநாள் அவன் மறுபடி இழுத்துவிடலாம். இந்த நோயில் அது சாதாரணம், மருத்துவர்களும் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள். அன்றைக்கு வீட்டில் ரகளை வேண்டாம். அவனே மருத்துவரிடம் சொல்லட்டும். சீட்டில் ஏறட்டும். நான் பார்த்தவரை, சறுக்கியவனை நீதிமன்றம் பொறுத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போனவனைத்தான் பொறுப்பதில்லை.

வாய்தாவுக்கு முன் செய்ய வேண்டியவை

அன்று நேரில் ஆஜராகட்டும். ஒப்புக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிகிச்சைக்கு மனுப் போடப் போகிறோம், கால அவகாசம் வேண்டும் என்று வக்கீல் கேட்கட்டும். “64-ஏ எல்லாம் இங்க யாரும் போடுறதில்லை” என்று அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள். பிரிவை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அப்போதும் தயங்கினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி எண் 15100. போதைப்பொருளால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி செய்யவென்றே 2015-இல் தேசிய ஆணைக்குழு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. அந்தத் திட்டத்தைச் சொல்லியே கேளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் தம்பி சம்மதித்தால், இந்த வாரமே ஒருநாள் காலையில் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஓ.பி. வரிசையில் சீட்டை அவனே தன் பெயர் சொல்லி வாங்கட்டும். முதல் சீட்டில் இருக்கும் தேதி வாய்தாத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். கோர்ட் கேட்டதற்காக வந்தவனா, தானாக வந்தவனா என்று மாஜிஸ்திரேட் முதலில் பார்க்கப்போவது அந்தத் தேதியைத்தான். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.